ஒரு மேடு ஒன்பதாக உடைந்தால்: கே.டி.வி. அலை நிரலின் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கே.டி.வி. என்ற தண்ணீர் அலைச் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல் தப்பாக ஓடினால் எல்லோருடைய கையும் முதலில் போவது டெல்டா டி மேல்தான், அதாவது ஓர் அடிக்கு எவ்வளவு நேரம் முன்னேறுவது என்ற அளவின் மேல். பாதியாக்குவார்கள், மறுபடியும் பாதியாக்குவார்கள், ராத்திரி முழுக்க ஓட விட்டுக் காலையில் எழுந்து அதே தப்பான படத்தைப் பார்ப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் அலைக் கணக்கில் தப்பான படம் பெரும்பாலும் தன் காரணத்தைத் தானே சொல்லிவிடும். எத்தனை மேடு வந்தது, எது எவ்வளவு உயரம், சிற்றலை முன்னால் ஓடுகிறதா பின்னால் தங்குகிறதா என்று அளந்து பார்த்தால் போதும்.

மும்பை மாட்டுங்காவில் என் வீட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாலைந்து பேர் மடிக்கணினியோடு வருவார்கள். ஒருவர் கடலோரக் கட்டுமான வேலை, மற்றவர்கள் முதுகலை, ஆராய்ச்சிப் படிப்பு. அவர்களோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை அலை வேண்டும்

விடை தெரிந்த ஓர் அலை கையில் இல்லாமல் பிழை தேடுவது இருட்டில் துழாவுவது மாதிரி. கோர்ட்வெக்கும் டி விரீஸும் 1895-இல் எழுதிய சமன்பாட்டில் (இனி கே.டி.வி.) இரண்டு விசைகள் மோதுகின்றன. ஒன்று, உயரமான பகுதி வேகமாக ஓடி முகப்பைச் செங்குத்தாக்குவது. இன்னொன்று, நீள அலையும் குட்டை அலையும் வெவ்வேறு வேகத்தில் பிரிந்து மேட்டைப் பரத்திவிடுவது. இரண்டும் சமமானால் மேடு உருமாறாமல் ஓடுகிறது. ஸ்காட் ரஸ்ஸல் 1834-இல் எடின்பரோ பக்கத்துக் கால்வாயில் குதிரையேறித் துரத்திய அலை அதுதான். 1965-இல் ஜபுஸ்கியும் கிரஸ்கலும் கணினியில் பார்த்து அதற்கு சொலிடான் என்று பெயர் வைத்தார்கள்.

நான் பயன்படுத்தும் வடிவம் இது: உயரம் காலத்தோடு மாறும் வீதம், கூட்டல் 6 × உயரம் × சாய்வு, கூட்டல் உயரத்தின் மூன்றாம் வகைக்கெழு, மொத்தம் சுழி. ஆரம்ப அலை 2 × செக்-வர்க்கம் (செக் என்பது ஹைபர்போலிக் சீகண்ட், sech). அதாவது உச்சி 2, அகலம் 1. இது வேகம் 4-இல் அப்படியே ஓட வேண்டும். பெட்டி −20 முதல் 20 வரை, 512 புள்ளிகள், ஓரங்கள் சுற்றி ஒட்டியவை, வகைக்கெழுவெல்லாம் எஃப்.எஃப்.டி. (அலையைச் சைன் அலைகளாகப் பிரிக்கும் வேக ஃபூரியர் உருமாற்றம்) வழியாக, காலத்தில் அடியெடுத்து வைக்க நான்காம் படி ரங்கே–குட்டா முறை. கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த அமைப்புக்குத்தான்.

அறிகுறி: சில அடிகளிலேயே நேன்

திரை முழுக்க நேன் (NaN, ‘இது எண்ணே அல்ல’ என்று கணினி காட்டும் குறி) வந்தால் அது மூன்றாம் வகைக்கெழுவின் வேலை. அலை எண் என்பது ஓர் அலகு நீளத்தில் அலை எத்தனை ரேடியன் சுழல்கிறது என்பது; இந்தப் பெட்டியில் மிகப் பெரிய அலை எண் சுமார் 40, அதன் முப்படி 65,000-ஐ ஒட்டி வரும். ரங்கே–குட்டா தாங்கும் எல்லை 2.83, அதை இதால் வகுத்தால் டெல்டா டி 0.00004 அளவில் இருக்க வேண்டும். புள்ளிகளை இரட்டித்தால் எல்லை எட்டில் ஒரு பங்காகிவிடும். வகைக்கெழுவைப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசமாக எடுக்கும் வித்தியாச முறையில், காலத்துக்கு லீப்ஃப்ராக் முறை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், அங்கே எல்லை டெல்டா எக்ஸின் (புள்ளி இடைவெளியின்) முப்படியில் 0.385 மடங்கு.

இங்கே டெல்டா டி-யைக் குறைத்தால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் மேடு பெட்டியை ஒரு சுற்று வர இரண்டு லட்சத்துக்கும் மேல் அடிகள் ஆகும். அதைவிட மூன்றாம் வகைக்கெழுவைத் தனியே எடுத்துவிடுங்கள். ஃபூரியர் பக்கத்தில் அந்த உறுப்பு வெறும் சுழற்சிதான், ஒவ்வோர் அலை எண்ணும் தன் முப்படிக்கு ஏற்ற வேகத்தில் சுழல்கிறது, அதைத் துல்லியமாகவே எழுதிவிடலாம். இதற்குப் பெயர் தொகையீட்டுக் காரணி முறை. மிச்சமிருக்கும் நேரியலற்ற பகுதிக்கு 0.001 போதும்.

அறிகுறி: சிற்றலைகள் மேட்டுக்கு முன்னால் ஓடுகின்றன

இதில் சந்தேகமே வேண்டாம், குறி மாறியிருக்கிறது. கே.டி.வி.யில் குட்டை அலைகள் எப்போதும் பின்னால்தான் தங்கும், அவற்றின் குழு வேகம் (அலைகள் கூட்டமாக நகரும் வேகம்) அலை எண் வர்க்கத்தின் −3 மடங்கு. முன்னால் ஓடினால் மூன்றாம் வகைக்கெழுவின் சுழற்சியை எழுதும் அடுக்கில் கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டிருக்கிறீர்கள். கற்பனை எண்ணின் முப்படி கழித்தல் கற்பனை எண், அதைச் சமன்பாட்டின் மறுபக்கம் கொண்டுபோகும்போது இன்னொரு கழித்தல், இரண்டும் சேர்ந்து கூட்டல். இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிப் பாருங்கள், மனதில் போட்டால் தவறும்.

அறிகுறி: திரும்பி வரும் உயரத்தில் கற்பனைப் பகுதி

10-இன் −15ஆம் படி அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள், அது வட்டமிடும் பிழை. அடிக்கு அடி வளர்ந்தால் நைக்விஸ்ட் அலை எண்ணை, அதாவது கட்டம் தாங்கும் மிகப் பெரிய அலை எண்ணைப் பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை இரட்டை என்றால் அந்தக் கடைசி அலை எண்ணுக்கு எதிர்ப்பக்க ஜோடி கிடையாது, ஒற்றைப்படை வகைக்கெழு எடுக்கும்போது அதைச் சுழியாக்க வேண்டும். மெய்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அது வலியை மரத்துப்போக வைக்கிற மருந்து மாதிரி, நோய் உள்ளேயே இருக்கும்.

அறிகுறி: ஒரு மேடு பல மேடுகளாக உடைகிறது

இதுதான் நான் ரொம்பவும் விரும்பும் அறிகுறி, ஏனென்றால் இதைப்போல் வெளிப்படையாகப் பேசும் பிழை வேறில்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை, வெளியே கிங்ஸ் சர்க்கிள் பக்கம் முழங்கால் தண்ணீர், வந்தது ஒரே ஒரு மாணவிதான்.

“அண்ணா, ஒரே மேடுதான் வைச்சேன், வரிசையா ஆறேழு வருது. டெல்டா டி-யைப் பத்துல ஒரு பங்காக்கிட்டேன், புள்ளியை ரெண்டு மடங்காக்கிட்டேன், படம் அப்படியே இருக்கு.”

“படம் மாறவே இல்லையா?”

“ஒரு புள்ளிகூட மாறலை.”

“அப்போ அதைத் தொடாதேம்மா. முன்னால போற மேடு எவ்வளவு உயரம்?”

“மூணு புள்ளி அஞ்சு ஏழு. அடுத்தது ரெண்டு புள்ளி ஏழு ஏழு.”

அவள் சொன்ன முதல் தகவலே பாதி விடை. நேரத்தையும் கட்டத்தையும் நுணுக்கியும் படம் அசையவில்லை என்றால் எண் முறையில் குறையில்லை, நிரல் வேறு ஏதோ ஒரு சமன்பாட்டை மிகச் சரியாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. எந்தச் சமன்பாடு என்பதை உயரங்கள் சொல்லும்.

கே.டி.வி.யில் செக்-வர்க்க மேடு எத்தனை சொலிடானாக உடையும் என்பதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. அகலம் 1, உச்சி என் × (என் + 1) என்றால் என் எண்ணிக்கையில் சொலிடான்கள். உச்சி 2 என்றால் ஒன்று, 6 என்றால் இரண்டு, 12 என்றால் மூன்று. முழு எண்ணாக வராவிட்டால் அடுத்த முழு எண்ணிக்கையில் சொலிடான்களும் கொஞ்சம் சிற்றலையும் வரும். பரவல் உறுப்பு பலவீனமானால் அதே மேடு அந்த அளவுக்குப் பெரிய மேடு மாதிரி நடந்துகொள்ளும்.

அவள் அலை எண்களைப் பைதானின் நம்பை நூலகம் தரும் அதிர்வெண் பட்டியலிலிருந்து நேராக எடுத்திருந்தாள். அந்தப் பட்டியல் தருவது ஓர் அலகு நீளத்துக்கு எத்தனை சுற்று என்பது, ரேடியன் அல்ல. 2 பை-யால் பெருக்க வேண்டும். பெருக்காவிட்டால் நேரியலற்ற உறுப்பு 2 பை மடங்கு குறையும், மூன்றாம் வகைக்கெழு அதன் முப்படி மடங்கு, கிட்டத்தட்ட 248 மடங்கு குறையும். இரண்டையும் ஒப்பிட்டால் பரவல் 39.5 மடங்கு பலவீனம். உச்சி 2 என்பது 79 மாதிரி நடந்துகொள்ளும். என் × (என் + 1) = 79 என்றால் என் 8.4, ஆக ஒன்பது சொலிடான்கள். முதல் உயரம் 8.4-இன் வர்க்கத்தை இரட்டித்து 39.5-ஆல் வகுத்தால் 3.57, அடுத்தது 7.4-க்கு 2.77. அவள் திரையில் இருந்த அதே எண்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது ஏழு எட்டுதான், ஒன்பதாவதின் உயரம் 0.01 கூட இல்லை. 2 பை-யைச் சேர்த்ததும் ஒற்றை மேடு வேகம் 4-இல் ஓடியது, அவள் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.

சரியாக மூன்று மேடு வந்து, உயரம் 18, 8, 2 என்று இருந்தால் காரணம் வேறு. கே.டி.வி.யை நேரியலற்ற உறுப்பில் 6 போட்டும் எழுதுவார்கள், 1 போட்டும் எழுதுவார்கள். 1 போட்ட வடிவத்துக்கு உரிய சொலிடான் 12 × செக்-வர்க்கம். அதை எடுத்து 6 போட்ட நிரலில் வைத்தால் பன்னிரண்டு என்பது மூன்று பெருக்கல் நான்கு, கச்சிதமாக மூன்று சொலிடான், சிற்றலை துளியும் இருக்காது. பார்க்க அவ்வளவு அழகாக இருப்பதால் பலர் இதைச் சரியான விடை என்றே நினைத்து அறிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். தலைகீழாக நடந்தால், அதாவது 6 வடிவத்தின் மேட்டை 1 வடிவ நிரலில் வைத்தால், மேடு சப்பையாகி உச்சி 2-லிருந்து 0.83 பக்கம் இறங்கி நிற்கும், பின்னால் நீளமான சிற்றலை வால். ஒரு கட்டுரையிலிருந்து சமன்பாட்டையும் இன்னொன்றிலிருந்து தீர்வையும் எடுக்கும்போதுதான் இது நேர்கிறது. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

அறிகுறி: புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழுமாக ரம்பப் பல்

முதலில் மெலிதாக வரும், கொஞ்ச நேரத்தில் மேட்டையே தின்றுவிடும். உயரத்தை வர்க்கப்படுத்தும்போது பிறக்கும் பெரிய அலை எண்களுக்குக் கட்டத்தில் இடமில்லாமல் அவை சின்ன அலை எண்களாக வேஷம் போட்டுத் திரும்பி வருகின்றன. 1971-இல் ஓர்ஸாக் சொன்ன மூன்றில் இரண்டு விதிதான் மருந்து: மேல் மூன்றில் ஒரு பங்கு அலை எண்களைச் சுழியாக்கிவிட்டு வர்க்கப்படுத்துங்கள்.

அதற்கு முன் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அலை எண்ணில் எவ்வளவு வீச்சு என்பதை) மடக்கை அளவில் ஒரு முறை வரைந்து பாருங்கள். நம் சோதனை மேட்டுக்கு அது நேர்கோடாக இறங்கி, அலை எண் 20-ஐத் தொடும்போது உச்சத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குப் போயிருக்க வேண்டும். வால் மேலே சுருண்டால் புள்ளிகள் போதவில்லை, எந்த வடிகட்டியும் அதைச் சரிசெய்யாது.

அறிகுறி: நிறை துளி மாறவில்லை, ஆனால் மேடு குட்டையாகிறது

உயரத்தின் கூட்டல் மாறவில்லை, அதனால் நிரல் சரி என்று வாதாடுகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். எஃப்.எஃப்.டி. முறையில் அது எதையும் நிரூபிக்காது. நேரியலற்ற உறுப்பை வர்க்கத்தின் வகைக்கெழுவாக எழுதியதும் சுழி அலை எண்ணின் வீதம் தானாகவே சுழி, நிரலில் வேறு எது தப்பாக இருந்தாலும் நிறை மாறாது. பார்க்க வேண்டியவை அடுத்த இரண்டு. உயரத்தின் வர்க்கத் தொகை 5.333, அப்புறம் சாய்வு வர்க்கத்தில் பாதியிலிருந்து உயரத்தின் முப்படியைக் கழித்து எடுத்த தொகை −6.4. (நிறை 4.) இந்த மூன்று எண்களையும் நிரலின் தலைப்பில் குறிப்பாக எழுதி வையுங்கள்.

வர்க்கத் தொகை ஒரே சீராகக் குறைந்தால் எங்கோ செயற்கை உராய்வு இருக்கிறது. வித்தியாச முறைக்காரர்கள் அப்விண்ட் (அலை வரும் பக்கத்துப் புள்ளிகளை வைத்து எடுக்கும் வித்தியாசம்) போட்டிருக்கிறார்களா என்று பார்க்கவும், ஃபூரியர்காரர்கள் வடிகட்டியைப் பார்க்கவும். இங்கேதான் டெல்டா டி-யைப் பாதியாக்கிப் பார்ப்பதில் பொருள் உண்டு: பிழை 16-இல் ஒரு பங்காக இறங்க வேண்டும். பாதியாக மட்டும் இறங்கினால் ரங்கே–குட்டாவின் நாலு படிநிலைகளில் ஒன்றில் தொகையீட்டுக் காரணியை அரை அடிக்கு எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: வலது ஓரத்திலிருந்து யாரும் அனுப்பாத சிற்றலை

பெட்டி வட்டமானது, இடது ஓரத்தில் வெளியேறுவது வலது ஓரத்தில் உள்ளே வரும். அலை எண் 5 உள்ள சிற்றலை 75 என்ற வேகத்தில் பின்னோக்கி ஓடுகிறது, 40 நீளப் பெட்டியை அரை நேர அலகில் சுற்றிவிடும். பெட்டியைப் பெரிதாக்குங்கள், அல்லது ஓரத்தில் மெதுவாக உறிஞ்சும் பட்டை வையுங்கள். பட்டையைத் திடீரென்று ஆரம்பித்தால் அதுவே சுவராகி அலையைத் திருப்பி அடிக்கும்.

அறிகுறி: இரண்டு மேடு மோதியபோது உயரம் கூடவில்லை, குறைந்தது

இது பிழையே அல்ல. உயரம் 8-உம் 2-உம் மோதினால் நடுக்கணத்தில் 10 வராது, 6 வரும். இரண்டும் பிரிந்தபின் பெரியது தனியே ஓடியிருந்தால் இருக்கும் இடத்தைவிட 0.55 முன்னாலும் சின்னது 1.10 பின்னாலும் இருக்கும். இந்த இரண்டு எண்களும் உங்கள் நிரலில் வந்துவிட்டால் அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. ஒரு தம்பி இதைப் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் தேடியிருக்கிறார், கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அறிகுறி: கட்டத்தை நுணுக்க நுணுக்க இன்னும் சீக்கிரம் வெடிக்கிறது

இரு பக்கமும் ஓடும் அலை வேண்டும் என்று கே.டி.வி.யை விட்டு பூசினெஸ்க் சமன்பாட்டின் பக்கம் போனவர்களுக்கு வருவது. நல்ல முறை நுணுக்கினால் மேம்பட வேண்டும், மோசமாவது என்றால் கோளாறு நிரலில் இல்லை, சமன்பாட்டிலேயே இருக்கிறது. நான்காம் இட வகைக்கெழுவோடு வரும் பழைய வடிவத்தில் அலை எண் × ஆழம் 1.73-ஐத் தாண்டினால் அதிர்வெண்ணின் வர்க்கம் எதிர்மறையாகிறது, அந்த அலைகள் ஆடாமல் அடுக்கேற்றமாக வளரும். எவ்வளவு நுணுக்கமான கட்டமோ அவ்வளவு வேகமான வளர்ச்சி. அந்த வகைக்கெழுவில் இரண்டை இடத்திலிருந்து காலத்துக்கு மாற்றிய வடிவத்துக்குப் போய்விடுங்கள். பெரெக்ரின் 1967-இல் தந்தது இந்த வகைதான். ஆழம் கொஞ்சம் கூடுதல் என்றால் ந்வோகு 1993-இல் தந்ததைப் பாருங்கள்.

அறிகுறி: நிரலில் எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை

மரைன் டிரைவ் சுவர்மேல் உட்கார்ந்து டெட்ராபாட்களில் (நாலு கால் கான்கிரீட் கட்டைகளில்) அலை மோதுவதைப் பார்த்துவிட்டு அதற்கு கே.டி.வி. போட ஆசைப்படுவது இயல்பு, எனக்கும் வந்த ஆசைதான். ஆனால் அந்தச் சமன்பாட்டில் திரும்பி வரும் அலை கிடையாது, சுவரில் மோதித் தெறிப்பது கிடையாது, உடைவதும் கிடையாது. தனி அலையின் உயரம் ஆழத்தில் 0.78 பங்கை நெருங்கினால் நிஜத்தில் உடைந்துவிடும், நிரல் அதைத் தாண்டியும் சிரித்த முகத்தோடு ஓடும்.

அடுத்தது அலை நீளம். 10 மீட்டர் ஆழத்தில் 5 விநாடிக் கால இடைவெளி உள்ள அலைக்கு நீளம் சுமார் 36.6 மீட்டர், அது நிஜத்தில் விநாடிக்கு 7.3 மீட்டர் ஓடுகிறது. கே.டி.வி. அதே நீளத்துக்கு 5.0 என்று சொல்லும். அலை எண் × ஆழம் 1 வரை பிழை ஐந்து சதவீதத்துக்குள் அடங்கும், 2.45-ஐத் தாண்டினால் அலை பின்னோக்கியே ஓடும். குட்டை அலைகள் நிறைய உள்ள இடத்தில் பெஞ்சமின், போனா, மஹோனி மூவரும் 1972-இல் ஆராய்ந்த மாற்று வடிவம் கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்ளும், இதே அலைக்கு 6.6 தருகிறது.

சுனாமிக்குப் போட்டேன், சொலிடானே வரவில்லை என்றும் கேட்கிறார்கள். 2004 டிசம்பர் 26 நம்மில் யாருக்கும் மறக்காது, அதனால் அந்தக் கேள்வியின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆழம் 4000 மீட்டர், வீச்சு 60 சென்டிமீட்டர், அலை நீளம் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முகப்பு செங்குத்தாக 1,40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும், அதாவது பூமியை மூன்று முறைக்கு மேல் சுற்ற வேண்டும். நடுக்கடலில் அது கிட்டத்தட்ட நேரியல் அலைதான், நிரல் சொன்னதே சரி. நேரியலற்ற பகுதி கரையோர ஆழமற்ற தண்ணீரில்தான் விழித்துக்கொள்கிறது.

கடைசியாக ஆழம். கட்டுமான வேலையில் இருக்கும் நண்பருக்குப் போன மழைக்காலத்தில் வந்த சிக்கல் இது. ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு அளவிகள், அலை இரண்டாவது அளவிக்கு நிரல் சொன்னதைவிட அரை நிமிடத்துக்கும் மேல் முன்னாலேயே வந்துவிடுகிறது. குணகங்களை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். நான் கேட்டது ஒன்றுதான்: ஆழம் எங்கிருந்து எடுத்தீர்கள்? கடல் வரைபடத்திலிருந்து, 5 மீட்டர். வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் மிகத் தாழ்ந்த ஓதத்தை ஒட்டிய மட்டத்திலிருந்து அளந்தது, மும்பையில் பெரிய ஓதம் அதற்கு மேல் 4.5 மீட்டர் ஏறும். அளவெடுத்த நேரத்தில் நிஜ ஆழம் 9.5. நேரியல் வேகம் 7.0-லிருந்து 9.65-க்குப் போகிறது, ஒரு கிலோமீட்டருக்கு 143 விநாடி என்பது 104 ஆகிறது, பரவல் குணகமோ ஐந்து மடங்காகிறது. ஓத அட்டவணையை எடுத்து, மணிக்கு மணி ஆழத்தை மாற்றிக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் வந்ததும் காப்பியைக்கூடத் தொடாமல் திரையைத் திருப்பிக் காட்டினார், இரண்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.